மச்சினன் எலிகள்

மார்ச் 3

இதை யார் திருடிப் படித்தாலும் ஒரு சொல்லைக்கூட நம்ப மாட்டார்கள் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். எங்கள் ஆய்வகத்தில் எலிகள் தினமும் டீசல் புகையைச் சுவாசிக்கின்றன. பாதி எலிகளுக்கு நான் வெங்காயத்தோல் கஷாயம் கொடுத்து நரம்பைக் காப்பாற்றுகிறேன். மீதிக்கு மாதுளைத்தோல் சாறு கொடுப்பவன் என் மச்சினன். என் வீட்டுக்காரியின் ஒரே தம்பி. நானே சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட மகான். இரண்டில் எது ஜெயிக்கிறதோ அதைத்தான் ஆய்வகத் தலைவி மேடம் அடுத்த கட்டத்துக்கு எடுப்பார். மற்றது குப்பைக்கு. என் வெங்காயத்தோலுக்கு வயது பத்து. என் தலைமுடி போனதே அதனால்தான்.

மார்ச் 9

இன்று தேர்வு. கம்பி உருளும், எலி விழாமல் நிற்க வேண்டும். என் எலிகள் பழுத்த கொய்யா மாதிரி பொத்துப் பொத்தென்று விழுந்தன. அவனுடையவை நின்று மீசை தடவின. ஒன்று கால்மேல் கால் போட்டது. ஒன்று என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. "தம்பி கைராசிக்காரர்" என்றார் மேடம். என் வயிறு எரிந்த வெளிச்சத்தில் ஆய்வகத்து விளக்கையெல்லாம் அணைத்திருக்கலாம்.

மார்ச் 10

வீட்டிலும் அதே பாட்டு.

"தம்பி எலியெல்லாம் நல்லா நிக்குதாமே?"

"நிக்குது. நாளைக்கு நாற்காலி கேக்கும்."

"பொறாமைங்க உங்களுக்கு."

பொறாமையா? எனக்கா? — சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 12

கதவிடுக்கில் நின்று வேவு பார்த்தேன். பயல் ஒவ்வொரு எலியையும் உள்ளங்கையில் ஏந்தி, "என்னடி செல்லம், கோவமா?" என்று முதுகைத் தடவிவிட்டுத்தான் சாறு கொடுக்கிறான். நான்? வாலைப் பிடி, தூக்கு, ஊற்று, அடுத்தது. காலம்காலமாக அப்படித்தான். அப்படியென்றால் வேலை செய்வது சாறா, தடவலா?

மார்ச் 13

மாதுளையின் மானத்தை வாங்க வழி கிடைத்துவிட்டது. மேடத்துக்குத் தெரியாமல் நாங்கள் ஆள் மாறி எலி பார்க்கப் போகிறோம். மருந்து அதேதான், கை மட்டும் மாறும்.

"மெதுவா புடிங்க மாமா, பயந்துக்கும்."

"எனக்கே எலி புடிக்கக் கத்துத் தர்றியா?"

மார்ச் 28

மறுதேர்வு. என் கையில் வளர்ந்த மாதுளை எலிகள் விழுந்தன. அவன் கையில் வளர்ந்த என் எலிகள் கம்பியில் ஊஞ்சல் ஆடின.

மேடம் முடிவைப் பார்த்துவிட்டு, "அப்ப வெங்காயத்தோல்தான் இல்ல?" என்றார்.

பத்து வருஷம் காத்திருந்த வாக்கியம். மச்சினன் கூண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டாளன், சொல்லியிருந்தால் மறுத்திருப்பேனே. பேசாமல் இருக்கிறவனை என்ன செய்வது?

"இல்ல மேடம். கைதான். நாங்க ரெண்டு பேரும் எலிய மாத்திக்கிட்டோம்" என்று வந்துவிட்டது வாயில்.

மேடம் இரண்டு தேர்வு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம், "ரெண்டு மருந்தும் இப்ப வேண்டாம். முதல்ல எல்லா எலியையும் ஒரே மாதிரி தொடணும். தம்பி, உங்க மாமாவுக்குக் கத்துக்குடுங்க."

பூமி பிளக்கவில்லை. கேட்டுப் பார்த்தேன்.

மார்ச் 29

வீட்டுக்காரிக்கு விஷயம் போய்விட்டது. தட்டில் ஒரு கரண்டி அதிகம் விழுந்தது. அதுவும் தம்பிக்காகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 11

கொட்டாவி, கால்மேல் கால், ஊஞ்சல் எல்லாம் நான் விட்ட சரடு. ஆனால் இந்தச் சின்ன விஷயம் நிஜம். புதிய எலிகள் வந்திருக்கின்றன. புகையும் இல்லை, மருந்தும் இல்லை, தடவல் மட்டும். இன்று காதில் வடு உள்ள ஒரு எலி தானாக என் உள்ளங்கையில் ஏறிச் சுருண்டு தூங்கிவிட்டது.

மச்சினன் எட்டிப் பார்த்தான். "இது என்கிட்ட ஒரு நாளும் வந்ததில்ல மாமா." குரலில் லேசாக ஒரு புகைச்சல்.

கையை அசைக்காமல் அப்படியே இருந்தேன். மதியச் சாப்பாடு போயிற்று. போகட்டும்.