மகளுக்குத் தெரியாமல் தின்ற வஞ்சிரம்

ஞாயிறு, இரவு

நானும் அவரும் இன்று மகளிடம் வசமாக மாட்டிக்கொண்டோம்.

சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த வருஷமே நந்தினிக்குப் புற்றுநோய். கீமோ தொடங்கியதிலிருந்து மீன் வாசனை பட்டாலே அவளுக்கு வாந்தி வரும். வீட்டில் மீன் நின்றுபோனது. அவருக்கோ மீன் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையே இல்லை. அதனால் வறுவல் வாங்கி, செம்பாக்கம் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, திருடர்கள் மாதிரி தின்போம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டுதான் வீடு திரும்புவோம்.

இன்று அவர் சட்டையில் மசாலா சிந்தியதை இருவருமே கவனிக்கவில்லை. கதவைத் திறந்த நந்தினி மோப்பம் பிடித்தாள். வாந்திதான் என்று நான் பக்கெட் எடுக்க ஓடினேன்.

"எங்கம்மா ஓடுற? வஞ்சிரமா?" என்றாள்.

அவர் திருதிருவென்று முழித்தார். "சும்மா ஒரு பீஸ்தாம்மா..."

"எனக்கு வெறும் இட்லி, உங்களுக்கு வஞ்சிரமா? நல்லா இருக்குப்பா! எனக்கு இப்பவே வேணும்."

வெளிச் சாப்பாடு கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவர் அதே சட்டையோடு மார்க்கெட்டுக்கு ஓடினார். நான் சுடச்சுட வறுத்துப் போட்டேன். மூன்று துண்டு தின்றாள். வாந்தி வரவில்லை.

இத்தனை மாதமாக எதைக் கொடுத்தாலும் "போதும்மா" என்று மட்டுமே சொன்னவள், இன்று "காரம் பத்தலம்மா" என்று குறை சொன்னாள்.

இன்னும் கீமோ பாக்கி இருக்கிறது. அதை நாளைக்கு நினைத்துக்கொள்கிறேன்.

வீடெல்லாம் ஒரே கவுச்சி. ஜன்னலைத் திறக்கப் போனவரை நான்தான் தடுத்துவிட்டேன்.