பென்சில் நிற்கும் இடம்

ஜனவரி 11

இன்று மூன்று வீடு, மூன்று பாடம். வேதியியலுக்குச் சளி, பாதியில் கிளம்பிவிட்டேன். ஆங்கிலம் வழக்கம்போல் கொட்டாவி விட்டது. பிள்ளைகளைப் பாடத்தின் பெயரால் நினைப்பது தப்புதான். ஒரு நேரத்துக்கு ஒரு ஆள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்து, பன்னிரண்டு வருடத்தில் அப்படிப் பழகிவிட்டது.

திரும்பி வந்தால் வாசலில் அக்கா. மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள், கை இரண்டும் ஊறி வெளுத்துப்போய். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பதினோரு வருஷமா தற்காலிகம்னே வச்சிருக்காங்க. இப்ப நிரந்தரம் பண்றாங்களாம். பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும், ஜூன் முடியறதுக்குள்ள காட்டணும். இதை விட்டா எனக்கு வயசு தாண்டிடும்."

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்குச் சொல்லிக் குடுப்பியாடி?" என்றாள்.

நாற்பத்திரண்டு வயது. அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அவள் நின்றதால்தான் நான் தொடர்ந்தேன். இதை நாங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. "நாளைக்கே வா" என்றேன்.

ஜனவரி 12

வந்தாள். ஐந்து பாடத்துக்கு ஐந்து நோட்டு, ஐந்துக்கும் அட்டை போட்டிருக்கிறாள்.

ஜனவரி 30

அறிவியல். சலவைத் தூளையும், அதாவது ப்ளீச்சிங் பவுடரையும், அமிலத்தையும் ஒன்றாகக் கலந்தால் என்ன வாயு வரும் என்று படித்துக் காட்டினேன். "அதானா தொண்டை அப்படி எரிஞ்சுது" என்றாள். சேர்ந்த புதிதில் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிவிட்டு மூன்று நாள் இருமினாளாம். யாரும் ஏன் என்று சொல்லவில்லையாம். அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

வரலாற்றில் ஒரு அரசன் மக்களுக்குப் பயந்து அரண்மனையை விட்டு ஓடுகிறான். அக்காவுக்கு ஒரு சந்தேகம். "அவன் ஓடிட்டான் சரி. அவ்வளவு படுக்கைவிரிப்பையும் அப்புறம் யாரு துவைச்சா?" அது கேள்வித்தாளில் வராது என்றேன். "வராதுதான்" என்று பெருமூச்சு விட்டாள்.

பிப்ரவரி 17

கணக்கு ஓடுகிறது. அக்காவுக்கா கணக்கு வராது என்று எல்லாரும் சொன்னார்கள்?

என் வழி ஒன்றுதான். வாயே திறக்க மாட்டேன். அவள் எழுத எழுத, என் பென்சில் நுனியை அந்தந்த வரிக்குப் பக்கத்திலேயே நகர்த்திக்கொண்டு போவேன். அவ்வளவுதான். தப்பு வந்தால் அவளே நின்று, யோசித்து, அடித்து எழுதிவிடுகிறாள். இன்று பத்துக்குப் பத்து. சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடிக்க வைப்பதுதான் சொல்லிக்கொடுப்பது என்று வேதியியலின் அப்பாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

மார்ச் 8

அக்கா கேட்டாள்: "ஒருநாள் நான் மட்டும் தனியா உக்காந்து எழுதிப் பாக்கட்டுமா?"

எதற்கு, நேரம்தான் வீண், பாடம் இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது என்றேன். சரி என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

மார்ச் 29

சலவைக்கூடத்தில் கூட வேலை செய்பவர்கள் அவளை 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்களாம். 'பாப்பா, வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?' சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எத்தனை வருடம் ஆயிற்று அவள் அப்படிச் சிரித்து.

ஏப்ரல் 16

தேர்வு முடிந்தது. எப்படி எழுதினாய் என்றால், "எழுதினேன்" என்கிறாள். களைப்பாக இருக்கும்.

மே 21

கணக்கு 22. அறிவியல் 31. மற்ற மூன்றிலும் தேறிவிட்டாள், வரலாற்றில் 63.

முப்பத்தைந்து வேண்டும்.

நான்தான் பார்த்துச் சொன்னேன். "சரி, துணி ஊறுது, நான் போறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மே 22

தூங்கவே இல்லை. திருத்தியவர்கள் மேல் கோபம், கேள்வித்தாள் மேல் கோபம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பத்துக்குப் பத்து வாங்கியவள் எப்படி இருபத்திரண்டு வாங்குவாள்? என் கண் முன்னால் போட்டாளே, ஒவ்வொரு கணக்கும்.

மே 24

அக்கா வீட்டுக்குப் போனேன். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே துவைத்தது போதாதென்று இங்கேயும். என்னக்கா ஆச்சு ஹால்ல, பயந்துட்டியா என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்லடி. நீ இல்லையே."

புரியவில்லை என்றேன்.

"உன் பென்சில் நகர்ந்துட்டே இருக்கும். நான் தப்பா எழுதினா நின்னுடும். நின்னா நான் மேல போக மாட்டேன், திரும்பிப் பாப்பேன். அங்க எதுவும் நிக்கலை. எல்லாம் சரின்னு நினைச்சு எழுதிட்டே போயிட்டேன்."

குற்றம் சொல்கிற குரலில்லை. மழை வந்தது, துணி நனைந்தது என்பதுபோல் சொன்னாள். துணிக் கவ்வியை வாயில் கடித்துக்கொண்டு அடுத்த துணியை உதறினாள்.

என் கை நின்றதே எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம். மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், அங்கே மாதாமாதம் தனியாக எழுதிப் பழகுகிறார்கள். இவளுக்கு நான் ஒருத்திதானே இருந்தேன்? கேட்டாளே. தனியா எழுதிப் பாக்கட்டுமானு வாய் விட்டுக் கேட்டாளே. நேரம் வீண்னு சொன்னேன். நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

ஜூன் 12

அடுத்த தேர்வு செப்டம்பரில்தான். மருத்துவமனை அலுவலகத்துக்குப் போய் மூன்று மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். அலுவலர் நல்ல மனுஷிதான். "உங்க அக்காவை எனக்கும் பிடிக்கும்மா. ஆனா பட்டியல் என் கையில இல்ல" என்றார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஜூன் 30

பட்டியல் மூடிவிட்டார்கள். நிரந்தர வேலை கிடைத்த நான்கு பேரில் புதிதாக வந்த ஒருத்திக்கு வேலை கற்றுக்கொடுக்க அக்காவைப் போட்டிருக்கிறார்களாம். இருபத்து மூன்று வயதுப் பெண்ணாம். "நல்லா பிடிச்சுக்கறா" என்றாள் அக்கா.

முதல் நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, அந்த இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றக்கூடாது என்பதையும், ஏன் கூடாது என்பதையும்.

ஜூலை 6

வேதியியல் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "உடம்பு சரியில்லையா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஜூலை 19

சாயங்காலம் அக்கா வந்தாள், கையில் கணக்கு நோட்டு. நான் நோட்டையும் பார்த்தேன், அவளையும் பார்த்தேன்.

"வேலைக்காக இல்ல. அது போச்சு. போன ரெண்டு பாடத்தையும் இப்படியே விட்டா, அடுப்பை அணைக்காம வெளிய வந்த மாதிரி இருக்கு."

மன்னிச்சிடுக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். "அந்தப் பேச்சு வேணாம். நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு" என்றாள். பென்சிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். முதுகுக்குப் பின்னால் எழுதும் சத்தம். வரி வரியாக. பிறகு சத்தம் நின்றது. நின்றது நின்றதுதான். என் கை தானாக மேசைப் பக்கம் போயிற்று. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"முடிஞ்சுதாக்கா?"

"பொறுடி."

பிறகு ஒரு நீளமான கோடு இழுக்கும் சத்தம்.

"மூணாவது வரியில கழித்தலைக் கூட்டல்னு போட்டுட்டேன். அடிச்சிட்டேன். அங்கேருந்து மறுபடி எழுதறேன்."

நான் திரும்பவில்லை. என் முகம் அவளுக்குத் தெரியக்கூடாது. ஜூன் முப்பது போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது.