கோலம் போட்ட வாசல்

அப்பா,

இன்று காலை பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் வழியில், மூலை வீட்டம்மா வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை. பச்சைச் சாணத்தின் வாடை தெரு முழுக்க இருந்தது. நான் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நடந்தேன். கூட வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். "ஏட்டி, சாணிக்கு மூக்கப் பொத்துத ஒரே ஆளு இந்த ஊருல நீதாம்ட்டி" என்றாள் ஒருத்தி. நான் நடையை எட்டிப் போட்டேன். காரணத்தை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். வைகாசி மாதம், தோப்புகளில் காய் இறங்குகிற சமயம். சின்ன முதலாளியின் மாந்தோப்பில் பார்த்த காவல் வேலையை விட்டுவிட்டு நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். காட்டுப் பன்றி விரட்டுவதற்காக லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியால் அவன் மலையிலிருந்து இறங்கி வந்த மிளா மானைச் சுட்டிருந்தான். பாரஸ்ட் ஆட்கள் வந்து உங்களிடம் கேட்டார்கள். நீங்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதற்காக அம்மா உங்களை எத்தனை நாள் ஏசினாள்! தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும் என்று கேட்டாள். "கேட்டாவ, சொன்னேன். கேக்காட்டி சொல்லியிருக்க மாட்டேன்" என்றீர்கள் நீங்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நீங்கள் எடுத்ததே இல்லை.

விளக்கு வைக்கப் போகும் நேரம். நீங்கள் வாசலில் செம்புத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் நடையில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் தெருவில் வந்தபோதே கால் நிதானத்தில் இல்லை. தோளில் துப்பாக்கி இருந்தது. என்னையே காட்டிக் கொடுத்தாயா என்று கேட்டான். பார்த்ததைத்தான் சொன்னேன் முதலாளி என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு. சத்தம் கேட்டதும் கோழிகள் கூரை மேல் ஏறிவிட்டன. நீங்கள் செம்பை விடாமல் பிடித்துக்கொண்டே சாய்ந்தீர்கள். தொடையில் இருந்து வந்த ரத்தமும் கால் கழுவிய தண்ணீரும் சேர்ந்து வாசல் மண்ணில் ஓடின.

அம்மாவும் தெருக்காரர்களும் உங்களை டெம்போவில் ஏற்றி ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டிலிருந்த உங்கள் அக்காவிடம் என்னை விட்டுப் போனார்கள். அத்தை என்னை அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தொழுவத்தில் போய்ச் சாணம் அள்ளி வந்தாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா வாசல்ல ரத்தம் காயக் கூடாது தாயி. காஞ்சா உசுரு தங்காது" என்றாள். வாளி வாளியாகத் தெளித்தாள். விளக்குமாற்றால் கழுவித் தள்ளினாள். ஈரம் இழுத்த பிறகு, அரிசி மாவில் ஒரு கோலமும் போட்டாள். நீங்கள் பிழைக்க வேண்டும் என்று அவள் செய்த வேண்டுதல் அது. நான் கதவோரம் நின்று பார்த்தேன். அது தப்பு என்று சொல்ல அந்த இடத்தில் யாருக்கும் தெரியாது.

நீங்கள் பிழைத்தீர்கள். மறுநாள் போலீஸ் வந்தபோது நம் வாசல் கோலத்தோடு சுத்தமாக இருந்தது.

சின்ன முதலாளியின் ஆட்கள் அதற்குள் திருட்டுப் புகார் கொடுத்துவிட்டார்கள். தோப்பில் பன்றி என்று நினைத்துச் சுட்டதாகவும், புதரில் மாங்காய் பறித்துக்கொண்டிருந்த நீங்கள் குறுக்கே வந்துவிட்டதாகவும் கதை. அதற்குச் சாட்சியாக மாங்காயும் ரத்தக் கறையுமாக ஒரு சாக்கு. நீங்கள் நம் வாசலில் விழுந்திருந்தால் அவன் சுட வந்தவன். தோப்பில் விழுந்திருந்தால் நீங்கள் திருடன். வழக்கு முழுவதும் அந்த ஒன்றில்தான் நின்றது. டெம்போவில் ஏற்றிய தெருக்காரர்கள் சின்ன முதலாளிக்குப் பயந்து சாட்சிக்கு வரவில்லை; உங்களைத் தவிரச் சுட்டதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

உங்கள் கால் மடங்காமல் போனதால் நான் ஏழாம் வகுப்போடு நின்று கம்பெனியில் பேண்டேஜ் துணி சுருட்டப் போனேன். அதற்காக நீங்கள் என் முகத்தைப் பார்க்கக் கூசியது எனக்குத் தெரியும். வழக்கு ஜெயித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் இருவருமே நம்பினோம். வாய்தாவுக்கு வாய்தா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். நீங்கள் காலை நீட்டிக்கொள்ள டிரைவர் பின்னால் இருக்கிற சீட்டைக் கண்டக்டர் விட்டுக் கொடுப்பார். கோர்ட்டு வாசல் மரத்தடியில் உட்கார்ந்து, நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. "பாத்தத மட்டும் சொல்லு. சத்தமாச் சொல்லு" என்றீர்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவே கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைக்கு அந்த இரண்டாவதுதான் பெரிய காரியம்.

நான் சொன்னேன் அப்பா. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜட்ஜ் ஐயா காதில் விழுகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். எதிர் வக்கீல் கடைசியாக எழுந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"வீட்டு ஆம்பளையச் சுட்டுப் போட்டிருக்கு. அந்த வீட்டு வாசல்ல கோலம் போடுவாங்களாம்மா?"

கோர்ட்டில் சிரித்தார்கள். அத்தை போட்டாள் என்றேன். ரத்தத்தைக் கழுவிவிட்டுப் போட்டாள் என்றேன். அப்படியானால் அத்தையே சொல்லட்டும் என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

அத்தையை அடுத்த வாய்தாவில் கூப்பிட்டார்கள். இடையில் இருந்த நாட்களில் சின்ன முதலாளியின் ஆள் ஒருத்தன் அவளிடம் போயிருக்கிறான். தடயத்தை அழித்தவள் நீதான், கழுவினேன் என்று சொன்னால் முதலில் உன்னைத்தான் உள்ளே வைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறான். அத்தை அதை நம்பிவிட்டாள். கூண்டில் ஏறி உங்கள் பக்கமும் என் பக்கமும் பார்க்காமல், அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை, சேத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன் என்றாள். கோலம் யார் போட்டது என்று கேட்டதற்குத் தெரியாது என்றாள். சர்க்கார் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். சாட்சி பிறழ்ந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். மேசை மேல் அந்தச் சாக்கு இருந்தது. நம் வாசல் மண்தான் இல்லை.

தீர்ப்பு நாளில், சந்தேகத்தின் பலனை அவனுக்குக் கொடுத்து விட்டுவிட்டார்கள். நீங்கள் தடியை ஊன்றிக்கொண்டு சர்க்கார் வக்கீலிடம் போனீர்கள்.

"அய்யா, அப்போ நான் எங்க விழுந்தேன்னு எழுதியிருக்கு?"

"அதெல்லாம் எழுதல பெரியவரே. உங்க வாசல்ல வச்சு நடந்ததா நிரூபிக்கலன்னுதான் இருக்கு."

"அது போதுமே" என்றீர்கள்.

பஸ் ஸ்டாண்டில் அவர்கள் ஆட்கள் பால்கோவா வாங்கி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் வேண்டுமென்றே நம்மிடமும் நீட்டினான். நீங்கள் அதைத் தட்டிவிடவும் இல்லை, வாங்கவும் இல்லை. "எனக்கு எதுக்குலே? பன்னின்னு நெனச்சுத்தான சுட்டாவ. அந்தப் பன்னிக்குக் கொண்டு போடு" என்றீர்கள். அவனுக்கே முகம் செத்துவிட்டது. அதுதான் நீங்கள் கடைசியாகச் சொன்ன கேலி. பஸ்ஸில் ராஜபாளையம் வரும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். பிறகு வீட்டிலும் அப்படியே இருந்தீர்கள்.

ஊர் உங்களை மாங்காத் திருடன் என்றது. பாதிப் பேர் விளையாட்டாகச் சொன்னார்கள், பாதிப் பேர் நம்பியே சொன்னார்கள். டீக்கடைக்குப் போவதை விட்டீர்கள். அத்தை ஒரு நாள் வந்து உங்கள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, "தம்பி, ஒன் உசுருக்காகத்தாம்ல கழுவுனேன்" என்று அழுதாள். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "அதச் சொல்லத்தாங்க்கா அங்க ஒரு கூண்டு இருந்துச்சு" என்றீர்கள். அதன் பிறகு அவளிடம் நீங்கள் பேசவில்லை. ஐப்பசி மழையில் தொடைப் புண் மறுபடி பழுத்துக் காய்ச்சல் கண்டு, நீங்கள் போனீர்கள்.

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களைக் கிடத்தியிருந்தபோது எல்லாரையும்விட அத்தைதான் சத்தமாக அழுதாள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். 'வெள்ளிக்கெழம வாசலிலே வெடிபட்டுச் சாஞ்சியே, ஒன் ரத்தத்த இந்தக் கையால கழுவித் தள்ளுனேனே' என்று பாடினாள். தெரு முழுக்க நின்று கேட்டது. சின்ன முதலாளி வீட்டிலிருந்து மாலையோடு வந்த ஆளும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். ஒருவரும் மறுக்கவில்லை. பெண்கள் எல்லாரும் சேர்ந்து அந்த அடியைத் திருப்பிப் பாடினார்கள். அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை அப்பா. இந்த வாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கே போயிருந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கிழவி, பயந்துவிட்டாள் என்கிறாள் அம்மா. இருக்கலாம். என்னால் இன்னும் அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்ன முடியவில்லை.

போன மாதம் செட்டியார்பட்டியில் இருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம்தான். மாப்பிள்ளையின் அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "கேஸு என்னமோ மாங்கா விசயம்னு சொன்னாவ" என்று இழுத்தார். அதெல்லாம் முடிந்துபோன கதை என்று அம்மா பேச்சை மாற்றப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்துவிட்டேன்.

"எங்க அப்பா மாங்கா திருடல. இந்தா, நீங்க செருப்பு விட்டிருக்கீயள்ல, அந்த எடத்துல வச்சுத்தான் சுட்டான். நான் பாத்தேன்."

குரல் நடுங்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். சொல்லி அனுப்பப்போவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். இன்றுவரை சேதி இல்லை.

ஆனால் அவர்கள் போனதை நான் கதவோரம் நின்று பார்த்தேன் அப்பா. அந்தப் பெரியவர் செருப்பைக் குச்சியால் இழுத்து எடுத்தார். பிறகு எல்லாரும் வாசலின் நடுவில் கால் வைக்காமல், சுவரை ஒட்டி ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள்.