ஏட்டு கேட்ட சொந்த ஊர்

அக்கா,

இன்று காலை வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. வந்தவர் கூரியர்காரர்தான், பக்கத்து வீட்டுக்கு வழி கேட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சத்தம் கேட்டால் பயம் வருகிறது என்றால் யாருக்குப் புரியும்? உங்களுக்குப் புரியும். நீங்களும் இப்போது உயிரோடு இல்லை.

உங்கள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு காரைக்குடிக்கு வந்தபோது என் கையில் இருந்தது மலேசியப் பாஸ்போர்ட். அப்போது அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சிவகங்கை போலீஸ் ஆபீசில் இங்கே தங்குவதற்கான முத்திரை வாங்கினால் போதும். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நீங்களும் நானும் பன்னீர் சோடா குடிப்போம்.

தொண்ணூறுகளின் நடுவில், என் மகளுக்குப் பல்கூட முளைக்காத நேரத்தில், விதி மாறிவிட்டது என்றார்கள். இனி வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், தாள் டெல்லிக்குப் போகும், அங்கே வேண்டாமென்றால் நான் கிளம்ப வேண்டும். குழந்தை இந்த நாட்டுப் பிரஜை, அவளுக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது. போனால் நான் தனியாகத்தான் போக வேண்டும்.

புல்லட்டில் வந்த ஏட்டு கேட்ட முதல் கேள்வி, "சொந்த ஊரு எதும்மா?"

"நாட்டரசன்கோட்டை" என்றேன். மலேசியாவில் நான் பிறந்து வளர்ந்த கிள்ளானில் யார் கேட்டாலும் அப்படிச் சொல்லத்தான் அப்பா பழக்கியிருந்தார். கல்யாணத்துக்கு முன் அந்தப் பூர்வீக ஊரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "இதுல கிள்ளான்ல பொறந்ததாப் போட்டிருக்கு. நீங்க நாட்டரசன்கோட்டைங்கிறீக. எதும்மா பொய்?"

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு சிவகங்கைக்குப் போனீர்கள். அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று, "நானுந்தான் காரைக்குடி ஆஸ்பத்திரியில பொறந்தவ. ஊரு எதுன்னு கேட்டா திருக்கோஷ்டியூருன்னுதான் சொல்லுவேன். அங்க எங்களுக்கு ஒரு ஓட்டு வீடுகூடக் கிடையாது. அப்ப நானும் பொய்யா சொல்றேன்?" என்று கேட்டீர்கள்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னா அது ஊரு. இவுக சொன்னா அது வாக்குமூலம்" என்றார்.

அதன் பிறகு காத்திருப்புதான். என் கணவர், அக்கம்பக்கம், எல்லோரும் ஒன்றும் ஆகாது என்றார்கள். எதற்கெடுத்தாலும் வளவளவென்று பேசுகிற நீங்கள் மட்டும் அதைச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் அடுப்படிக்கு வந்தேன். என் மகளை மடியில் போட்டுக்கொண்டு பாலாடையில் பசும்பால் புகட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏன்க்கா, நான்தான் இருக்கேனே?"

"பழகட்டும்த்தா" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

புரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னை இப்போதே அனுப்பிவிட்டீர்களா என்று கத்தினேன். நீங்கள் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த பாலாடையை ஊற்றினீர்கள். எத்தனையோ நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன். ஆனால் நீங்கள் பால் புகட்டும் நேரம் வந்தால், அவள் பழகட்டும் என்று நானாகவே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். பயம் அந்த மாதிரி.

மழைக்காலம் முடியும்போது அனுமதி வந்தது. அன்று அவளை மடியில் வாங்கினேன். என்னிடம் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அழுததைவிட நீங்கள்தான் அதிகம் அழுதீர்கள். எல்லோரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள், அக்கா. நீங்கள் ஒருவர்தான் என்னோடு உட்கார்ந்து பயந்தீர்கள். அது எவ்வளவு பெரிய பாசம் என்று தெரிய எனக்கு வயதாக வேண்டியிருந்தது.

அந்த மகள் இப்போது கடல் தாண்டி இருக்கிறாள். மருமகன் அந்த நாட்டுக்காரர், கைக்குழந்தையும் அங்கே பிறந்தது. இவள் அங்கே தங்குவதற்கான தாள் மட்டும் இன்னும் வரவில்லை. அங்கேயும் விதியை மாற்றுகிறார்களாம். நேற்றுப் போனில், "ஏதாவது சொல்லும்மா" என்றாள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். பிறகு, பிள்ளை புட்டிப்பால் குடிக்கிறதா என்று கேட்டேன்.