அட்மின் என்று மட்டும் இருந்த வரி

இன்று செலியமேட்டுக் குடிநீர் மோட்டார் அறையைத் திறந்ததும் சூடேறிய தூசியின் வாசனை முகத்தில் அடித்தது. மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து வருவதுதான். நீ இருந்தவரை மாதம் ஒருமுறை அதை ஊதித் துடைப்பாய். நீ போய் மூன்று வருடமாகிறது. எனக்கு இப்போதெல்லாம் எதிலும் கை ஓடுவதில்லை, மச்சான்.

இனி ஆளுக்கொரு லாகின் வேண்டும் என்று ஆபீசில் உத்தரவு. பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்ன வெப் சர்வரை லேப்டாப்பில் திறந்து என் பெயரைச் சேர்த்தேன். கீழே பழைய பதிவுகள் கிடந்தன. நாம் இரண்டு பேரும் ஒரே பாஸ்வேர்டில் காலம் தள்ளியவர்கள். யார் எதை மாற்றினாலும் அட்மின் என்றுதான் விழும்.

அந்த வரியும் இருந்தது. ஒருநாள் மூலக்குளத்தில் என் வீட்டில் உட்கார்ந்தபடியே பெட்டியின் ஐபி முகவரியை மாற்றப் போய், ஒரு எண்ணைத் தப்பாக அடித்து சேவ் கொடுத்தேன். அதோடு மோட்டாரை இயக்கும் வெப் பக்கம் திறக்கவில்லை. மோட்டார் அறையில் கைச் சுவிட்ச் எரிந்துபோய்ப் பல மாதம். அந்த வெப் பக்கம் இல்லாமல் மோட்டார் ஓடாது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு வீட்டிலிருந்தே முட்டி மோதினேன். ஊரில் தண்ணீர் நின்று ஒன்றரை நாள் ஆன பிறகுதான் உனக்குச் சொன்னேன். நீ கேபிளை எடுத்துக்கொண்டு ஓடி, பெட்டியில் நேராகச் செருகிச் சரிசெய்தாய்.

யார் மாற்றியது என்று மேனேஜர் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நாந்தான் சார்."

வெளியே வந்து ஏன் என்று கேட்டேன். "உனுக்கு இன்னும் பர்மனென்ட் ஆவலடா. வுடு," என்றாய். எனக்கு வேலை நிரந்தரமானது. உண்மையைச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று அறைக்கு வெளியே குழாயடியில் ஒரு அம்மா, அன்றைக்குத் தண்ணீரை நிறுத்தினவர் இப்போது வருவதில்லையா என்று கேட்டார். நீ இப்போது உயிரோடு இல்லை என்றேன். அவர் உச்சுக்கொட்டியபோது எனக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கு நிறுத்துனது அவரு இல்லம்மா. நான்தான்."

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "அப்ப எதுக்குப்பா அவரு வூடு வூடா வந்து மன்னிப்பு கேட்டாரு?"

இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. மேனேஜரிடம் சொல்வது இனி எனக்குப் பெரிதல்ல. வேலை போகாது என்று தெரியும். வீடு வீடாக உண்மையைச் சொல்லிக்கொண்டு இந்தத் தெருவுக்குள் நடப்பதுதான் கஷ்டம். லேப்டாப்பை மூடிவிட்டு அரைமணி நேரமாக அறை வாசலிலேயே நிற்கிறேன். முதல் வீட்டில் என்ன சொல்லி ஆரம்பித்தாய், மச்சான்?