கேள்வி நேரத்தில் நீ இல்லை

அக்கா,

உன் துறையிலிருந்து உன் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நோட்டு, ஒரு துப்பட்டா, அந்தப் பெரிய பிளாஸ்க். மூடியைத் திறந்ததும் பழைய இஞ்சி டீ வாசம் வந்தது. அம்மா அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கணக்கில் ஆராய்ச்சி செய்யப் போனவளிடமிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது டீ பிளாஸ்க்.

உன் துறையில் மாதம் ஒரு சனிக்கிழமை ஆய்வுரை நடக்கும். எனக்குப் பள்ளி விடுமுறை என்றால் என்னையும் கூட்டிப்போவாய். திருச்சுழியில் காலை பஸ்ஸைப் பிடித்து, அருப்புக்கோட்டையில் மாறி, நெரிசலில் நின்றுகொண்டே போவோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புரிகிறதோ இல்லையோ எல்லாவற்றையும் நான் எழுதிக்கொள்வேன். பேசுகிறவர் "கடைசியாக" என்று சொன்னதும் துறைத்தலைவர் உன்னைத் திரும்பிப் பார்ப்பார். நீ பேனாவை மூடிவிட்டு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போவாய். டீயும் வடையும் வாங்கி வருவதற்குள் கேள்வி நேரம் முடிந்திருக்கும். ஆய்வு மாணவர்கள் ஆறு பேர். அதில் நீ ஒருத்திதான் பெண். டீ உன் வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வேறு யாரும் எழுந்ததை நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். படங்களின் புள்ளிகளுக்கு எண் கொடுப்பது பற்றிப் பேசினார். ஒன்பது கோடுள்ள படம் என்றால் பூஜ்யம் முதல் ஒன்பது வரையுள்ள எண்களிலிருந்து, எதையும் இரண்டு முறை வைக்காமல், புள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் இரு முனை எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதினால் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாம் ஒருமுறை வர வேண்டும். நான்கு முக்கோணங்கள் ஒரே புள்ளியில் சேரும் படத்துக்கு அப்படி எண் கொடுத்துக் காட்டிவிட்டு, "எத்தனை முக்கோணம் சேர்ந்தாலும் இதே மாதிரிதான்" என்று தாண்டிப் போனார்.

நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். ஒரு தாளில் காற்றாடி மாதிரி மூன்று முக்கோணம் போட்டாய்.

"இது வராதுடி," என்றாய் என் காதில்.

"கேளேன்."

"நடுவுல கேக்கக்கூடாது. கடைசியிலதான்."

கடைசியில் உன்னை டீக்கு அனுப்பினார்கள். போகும்போது பக்கத்தில் இருந்த, உன்னோடு ஆராய்ச்சி செய்கிற அந்த அண்ணனிடம் தாளைக் கொடுத்தாய். "நான் வாரவரைக்கும் வச்சிருங்க" என்று நீ சொன்னதை நானும் கேட்டேன். நீ படி இறங்குவதற்குள் அவர் எழுந்து உன் படத்தைப் பலகையில் போட்டு, "இதுக்கு வராதே சார்?" என்று கேட்டுவிட்டார். பேராசிரியர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்து, இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் நீ டீயோடு உள்ளே வந்தாய். உன் முகத்தைப் பார்க்காமலே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, "அருமையான கேள்வி தம்பி" என்று அவரிடமே பேசிக்கொண்டிருந்தார் பேராசிரியர்.

பஸ்ஸில் உன்னோடு சண்டை போட்டேன்.

"யாரு கேட்டா என்னடி, தப்பு தப்புதான?"

"அப்ப நீ எதுக்கு? டீக்கா?"

பாலவனத்தம் வந்ததும் என் கையை இழுத்து விரித்தாய். பிறகு, ஏன் வராது என்பதை என் உள்ளங்கையில் பேனாவால் போட்டுக் காட்டினாய். ஒரு முக்கோணத்தைச் சுற்றி வந்தால் ஏறினது எல்லாம் இறங்கியாக வேண்டும். அதனால் மூன்று வித்தியாசத்தையும் கூட்டினால் இரட்டைப்படைதான். மூன்று முக்கோணத்துக்கும் சேர்த்தும் இரட்டைப்படைதான். ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினாலோ நாற்பத்தைந்து, ஒற்றைப்படை. "அவ்வளவுதான்டி. அடுத்த மாசம் பேசுறது என் முறை. அப்ப சொல்லிக்கிடுதேன்," என்றாய்.

உன் முறைக்கு ஒன்பது நாள் முன்னால் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் நீ இல்லை.

போன மாதம் உன் நினைவாக ஓர் உரை வைத்து எங்களை அழைத்திருந்தார்கள். துறைத்தலைவர் உன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். "சிரிச்ச முகம். அந்தப் பிள்ளை கொண்டுவந்தா டீ சூடு ஆறாது." ஐந்து நிமிடத்தில் கணக்கு என்ற சொல்லே வரவில்லை. உரை ஆற்றியது அந்த அண்ணன்தான். உன் காற்றாடி, உன் மூன்று முக்கோணம். அது ஏன் வராது என்பதற்கு இரண்டு பலகை நிறைய வகை பிரித்து எழுதினார். "கடைசியாக" என்றார். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு அக்கா சத்தமில்லாமல் எழுந்தாள்.

"இருங்கக்கா. கேள்வி முடியட்டும்," என்றேன். அவள் நின்றாள்.

"பாப்பா, டீ குடிச்சிட்டுப் பேசலாமே," என்றார் துறைத்தலைவர்.

"இந்தப் படம் எங்க அக்கா போட்டது சார். இவுககிட்ட வச்சிருக்கச் சொல்லித்தான் குடுத்துச்சு. இவ்வளவு எழுதவும் வேண்டாம்."

போய்ப் பலகையில் ஓர் ஓரத்தில் நான்கு வரி எழுதினேன். நாற்பத்தைந்தைச் சுற்றி வட்டம் போட்டேன். அந்த அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாப்பு வரை பின்னாலேயே வந்து, "அவுக பேரையும் சொல்லியிருக்கணும் பாப்பா, மறந்துட்டேன்," என்றார். மறந்துவிட்டாராம். அம்மா என் கையை அழுத்திப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள்.

அவர்மேல் இருக்கிற கோபம் எனக்கு உன்மேலும் இருக்கிறது. 'கடைசியில்', 'அடுத்த மாதம்', 'என் முறை வரட்டும்' என்று ஏன் காத்திருந்தாய்? உன்னிடம் இனி இதைக் கேட்கவும் முடியாது. அதுதான் தாங்கவில்லை.

நேற்று வகுப்பில் கணக்கு சார் ஒரு தேற்றத்தை நிறுவிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தார் என்று புரியவில்லை. எழுந்து கேட்டேன். "முடிச்சுக்கிடுதேன், கடைசியில கேளு," என்றார்.

"இப்பவே கேக்குறேன் சார்," என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் உட்காரவில்லை.