ஏழு பூச்சு வார்னிஷ்

2015 மார்ச் 14, சனி

பால்ஸ்லெவ் என் படகுச் சாமான் கடைக்கு வந்தார். எங்கள் படகுச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். சும்மா நின்றாலும் கூட்டத்தைத் தொடங்கிவைப்பதுபோலத்தான் நிற்பார். கையில் ஒரு பை, பைக்குள் கறுத்துப்போன பிளைவுட். அவர் படகில் கயிறு கட்டும் கொம்பு இருக்கிறதே, அதன் போல்ட்டுகளை மேல்தளத்துக்கு அடியில் தாங்கிய கட்டை. விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது.

ஃபைபர் கிளாஸ் தகடு போடுங்கள், எட்டு மில்லிமீட்டர், மக்காது, நசுங்காது என்று எடுத்துக் காட்டினேன். வெளிறிய பச்சை. முகம் சுளித்தார்.

"கேபின்ல படுத்தா கண்ணுக்கு நேரா இதுதான் தெரியும், ரிக்மோர். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

மார்ச் 29

சங்கம் இதற்கு மூன்று பேர் குழு போட்டது. மூன்று கூட்டம், மூன்று கேக். முடிவு: எங்களுடையதையும் சேர்த்துப் பத்தொன்பது படகுகளுக்கும் மகோகனிக் கட்டை, ஏழு பூச்சு வார்னிஷ். கட்டை தருவது என் கடை. எல்லோரும் கை தூக்கினார்கள். நானும். இந்த ஊரில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவை எதிர்ப்பது, விருந்துக்குப் போன வீட்டில் காப்பி சரியில்லை என்பதற்குச் சமம். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு மட்டும் சங்கத்தில் வாக்கு இல்லை.

ஏப்ரல் 11

என் கணவர் வெர்னர்தான் படகுகளில் இதையெல்லாம் பொருத்துகிறவர். துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சிப் பிசின் நிரப்பி, இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்தால்தான் போல்ட் வழியே இறங்கும் தண்ணீர் மரத்தைத் தொடாது என்கிறார். குழுவில் சொன்னேன். ஒரு வாரம் கூடுதலாகுமாம். சங்கத்தின் வசந்தக் கொடியேற்றத்துக்குள் படகுகள் தண்ணீரில் இருந்தாக வேண்டுமாம். ஆக, வெளியே ஏழு பூச்சு, துளைக்குள் வெறும் மரம்.

"நம்ம படகுல எதைப் போடப்போற?" என்று கேட்டார் வெர்னர்.

ஃபைபர் கிளாஸ் என்றேன்.

"அப்ப அவங்களுக்கு?"

கேட்டதை விற்கிறேன். நான் நடத்துவது கடை, மாதா கோயில் இல்லை.

2016 ஜூன் 4

குழு ஆய்வு செய்தது. 'கட்டைகள் பளபளப்பாக உள்ளன.' குறிப்பேட்டில் அப்படியே ஏறிவிட்டது.

2018 ஜூலை 21

தீவுத் துறைமுகத்தில் இடமில்லை. ஜூலையில் என்றைக்கு இருந்தது? கரையோடு ஒரு படகு, அதன் விலாவில் அடுத்தது, அதன் விலாவில் அடுத்தது என்று ஏழு. கரையோடு நின்றது பால்ஸ்லெவின் படகு. மற்ற ஆறும் அதன் கொம்புகளில் தொங்கின. நாங்கள் மூன்றாவது.

மதியம் மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. பால்ஸ்லெவின் மனைவி லிஸ்பெத் மேல்தளத்தில் உட்கார்ந்து ரொட்டியில் ஹெரிங் மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். படீரென்று ஒரு சத்தம். கொம்பு போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு பறந்தது. அவள் காதுக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்குமா? இருக்காது.

படகுகளை இழுத்துக் கட்டியபின் கேபினில் இறங்கினேன். கட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேலே வார்னிஷ் முகம் பார்க்கலாம்போல மின்னியது. உள்ளே ஈரமான பழுப்புத் தூள்.

லிஸ்பெத் பின்னால் நின்றாள். "இது இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

குழு எடுத்த முடிவு என்றேன்.

அவள் கேட்டது அது இல்லை.

ஜூலை 22

இன்னும் பதினேழு படகில் என் கட்டை. ஒரு சாண்— அதுகூட இல்லை. என்ன பொம்பள நான்?

நவம்பர் 10

விசாரணைக் குழு அறிக்கை. அதே மூன்று பேர். முதற்காரணம் காற்று, துணைக்காரணம் மழை. யாரும் பொறுப்பல்ல. ஏகமனதாக ஏற்கலாமே என்றார் பால்ஸ்லெவ். கைகள் எழுந்தன. என் கையும் பாதி எழுந்தது. அதை இறக்கிவிட்டு நான் எழுந்தேன்.

"எனக்குத் தெரியும். விக்கும்போதே தெரியும். என் படகுல நான் அதைப் போடல. எல்லாத்தையும் கழட்டிப் பாருங்க."

செயலாளர், இதைக் குறிப்பேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார்.

நவம்பர் 24

பதினேழு படகில் பதினொன்றில் கட்டை மக்கியிருக்கிறது. வெர்னர் வாளியில் அள்ளிவந்து கடை வாசலில் வைத்தார். ஐந்து பேர் அடுத்த ஊர்க் கடைக்குப் போய்விட்டார்கள். நானாயிருந்தாலும் போயிருப்பேன்.

2019 மார்ச் 9

புதிய தகடுகளுக்கு நிறம் தேர்வு செய்யக் குழு அமைத்திருக்கிறார்களாம்.

லிஸ்பெத் தனியாக வந்தாள். ஜூலைக்குப் பிறகு இன்றுதான் கடைக்குள் கால் வைக்கிறாள். எதைப் போடலாம் என்றாள். ஃபைபர் கிளாஸ் தகடு, அகலமான வாஷர், துளைக்கு எபாக்சி, ஒரு வாரம் பொறுமை என்றேன். குழு முடிவுக்குக் காத்திருக்கவில்லையா என்று கேட்டேன்.

"படகு என் பேர்ல இருக்கு."

பிறகு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல உனக்குத் தெரிஞ்ச குறை என்ன? அதைச் சொல்லு."

அறுக்கும்போது தூள் உடம்பெல்லாம் அரிக்கும், துளையிடும் பிட் சீக்கிரம் மழுங்கும், ஓரத்தைத் தேய்க்காவிட்டால் கையைக் கிழிக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, நான்கு தகடு எடுத்துக்கொண்டாள்.